புந்தோங் மூச்சுக்காரரும் ஒரு கொய்யாக்காய் பில்டரும்

உலகத்தில் எல்லோரும் அவரவருக்காக மூச்சு விடுகிறோம். வண்டி எஞ்சினுக்காக மூச்சு விட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரும் ஈப்போவில், அதிலும் புந்தோங்கில், அதிலும் என் கடை வாசலில்தான் விட்டார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு வாத்தியார் என்னைக் கைவிட்டார், அல்லது நான் அவரைக் கைவிட்டேன். அன்றிலிருந்து ஸ்பேனர் பிடித்த கை இது. இன்றைக்குப் பெரிய சாலையில் இரண்டு கதவு வைத்த உதிரிபாகக் கடை, மாடியில் சொந்த வீடு, பெயர்ப்பலகையில் கோட்டுப் போட்ட என் படம். எஞ்சின் இருமுவதைக் கேட்டே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். டாக்டர்கள் தங்கள் கார்களை என்னிடம் கொண்டு வருகிறார்கள். நான் என் உடம்பை அவர்களிடம் கொண்டு போவதில்லை. யார் கெட்டிக்காரர் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அப்பேர்ப்பட்ட என்னையே பேச்சு மூச்சில்லாமல் நிற்க வைத்தவர் மூச்சுக்காரர். அவருக்குச் சொந்தப் பெயர் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் அதை உபயோகித்ததாக எனக்கு நினைவில்லை. சித்தியவான் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஈப்போ பசாருக்கு ஒரு கிழட்டு டீசல் வேனில் மீன் ஏற்றி வருவது அவர் தொழில். முதல்நாள் கடைக்கு வந்து, "மொதலாளி, ஆயில் டப்பாவுக்கு மேல மாட்டுற பிரீத்தர் பில்டர் இருக்கா?" என்று கேட்டார். நாலு விதத்தை எடுத்து மேசையில் போட்டேன்.

அவர் ஒன்றை எடுத்தார். சட்டையில் துடைத்தார். அப்படியே வாயில் வைத்து, இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண் இரண்டும் வெளியே வந்தன.

"அண்ணே, அது திங்கிற சாமான் இல்ல!" என்றேன்.

பேசாதே என்று கையைக் காட்டிவிட்டு வெளியே இறங்கி நடந்தார். சாலை முனை வரைக்கும் போனார், திரும்பி வந்தார். பக்கத்து ரேடியேட்டர் கடைச் சீனர் கையில் பற்றவைப்புத் துப்பாக்கியோடு வெளியே வந்து, தன் நெற்றிப் பொட்டில் ஒரு விரலைச் சுற்றிக் காட்டி, "ஆள் கீலா கா?" என்று கேட்டார். பைத்தியமா என்று அர்த்தம். எனக்கும் அதே சந்தேகம்தான்.

மூச்சுக்காரர் பில்டரை வாயிலிருந்து எடுத்தார். "இது சரிப்படாது மொதலாளி. போகும்போது நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பி வரும்போது இளைக்குது."

"இளைக்கிறது பில்டர் இல்லண்ணே, நீங்க."

"என் நெஞ்சு தாங்காததை அந்த எஞ்சின் எப்படிலா தாங்கும்? வண்டிக் கணக்குல அதுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி."

மிச்ச மூன்றையும் அவர் வாயில் வைக்கும் முன் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.

வண்டி விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மனிதருக்கு வயதானால் வருவதெல்லாம் எஞ்சினுக்கும் வரும், வாயுத் தொல்லை உட்பட. பிஸ்டன் ஓரமாகப் புகை கசிந்து எஞ்சினின் அடிவயிற்றில் சேரும். அது வெளியேற ஒரு குழாய் உண்டு. வெறும் வாயு வந்தால் பரவாயில்லை. எண்ணெய் ஆவியும் கூடவே வந்து கண்ட இடத்தில் அப்பிக்கொள்ளும். அதனால் குழாயின் முனையில் ஒரு டப்பாவை மாட்டுவோம். எண்ணெய் டப்பாவில் தங்கும், காற்று மட்டும் டப்பாவின் தலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன பில்டர் வழியாக வெளியே போகும். கொய்யாக்காய் அளவு சாமான். அதன் கண் ரொம்ப நெருக்கமாக இருந்தால் வாயு உள்ளேயே முட்டி, எண்ணெயைப் பிதுக்கித் தள்ளிவிடும். ரொம்ப அகலமாக இருந்தால் எண்ணெயும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இவ்வளவுதான். டப்பாவின் கழுத்தை அளந்து, எஞ்சின் அளவைச் சொல்லி, ஒன்றை வாங்கி மாட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். மூச்சுக்காரருக்கு ஒரு துரியான் பருவம் தொடங்கி முடியும்வரை ஆனது.

வாயில் வைத்துப் பார்க்கும் வித்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். இளவட்டத்தில் அவர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் சல்லடை பிடித்தவராம். மரத்திலிருந்து வரும் ரப்பர் பாலில் இலை, பட்டை, எறும்பு எல்லாம் கிடக்கும். அதை வடிகட்டிக் கொடுப்பது வேலை. சல்லடை அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதிப் பார்ப்பாராம்.

"அடைப்பு கண்ணுக்குத் தெரியாது மொதலாளி. வாய்க்குத்தான் தெரியும்" என்றார், பெரிய ஆராய்ச்சி முடிவைச் சொல்வதுபோல.

நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். நான் எதையும் வாயில் வைத்ததில்லை. அதனால்தான் கடை வைத்திருக்கிறேன்.

இத்தனை அக்கப்போருக்கும் காரணம் அவர் மனைவி லெட்சுமி. கல்யாணமான நாளிலிருந்து மீன் வாடையோடு குடும்பம் நடத்தியவர். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். முட்டையின் மேல் கோழி உட்காருவதுபோல அதன்மேல்தான் உட்கார வேண்டும். எண்ணெய் ஆவி நேராக மூக்குக்கு வரும். லெட்சுமிக்கு ஏற்கெனவே இழுப்பு நோய். ஒருநாள் பசாரிலிருந்து வரும்போது பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். "அது மூச்சு விட்டா எனக்கு மூச்சு நிக்குது. இனிமே அந்த வண்டியில ஏற மாட்டேன்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் மூச்சுக்காரரும் விட்டிருப்பார். சித்தியவானில் கட்டிக் கொடுத்த மகளின் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. ஆயுத பூசைக்கு மறுநாள் என்று தேதி குறித்தார்கள். மருமகன் புதிதாக ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தான். போனில், "மாமா, அத்தையை நான் வந்து கூட்டிக்கிறேன். நீங்க வேன்ல வந்துருங்க" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

மூச்சுக்காரர் என் கடை நாற்காலியில் வந்து விழுந்தார்.

"மொதலாளி, பொண்டாட்டி மருமவன் கார்ல முன்னால போறா. நான் தனியா மீன் வேன்ல பின்னால போறேன். வாசல்ல நிக்கிற சம்பந்தி என்னைப் பார்த்து என்னா சொல்வான்?"

"வாங்க சம்பந்தின்னு சொல்வான்."

"மாட்டான்லா. ‘மீன் வந்துருச்சு’ம்பான்."

ஆகவே காதுகுத்துக்கு முன் லெட்சுமி அந்த முன் சீட்டில் உட்கார வேண்டும். அதற்கு எண்ணெய் வாடை போக வேண்டும். அதற்குச் சரியான பில்டர் வேண்டும். நான் அளவுகோலை நீட்டினேன்; அவர் வாயைத் திறந்தார்.

முதலில் சிலிபின் பக்கம் இளவட்டப் பையன்கள் வண்டி அலங்காரச் சாமான் விற்கும் கடையிலிருந்து பளபளவென்று ஒரு சிவப்பு பில்டரை வாங்கி வந்தார். பம்பரம் மாதிரி இருந்தது. அதை மாட்டினால் வண்டி வேகமாகப் போகும் என்று அந்தக் கடைப் பையன் சொன்னானாம். வண்டி வேகமாகப் போகவில்லை. எண்ணெய்தான் வேகமாகப் போனது. அடுத்தது ஸ்பாஞ்சு. எண்ணெய் பட்டதும் அது ஊறி, இற்று, இவர் வாயில் வைத்துச் சோதித்தபோது பாதி உள்ளே போய்விட்டது. இரண்டு நாள் யாரிடம் பேசினாலும் கறுப்புத் துணுக்கு பறந்தது. அப்புறம் ஒட்டுக்கடையில் கோப்பி வடிக்கும் நீளமான துணிப் பை ஒன்று காணாமல் போனது. கடைக்காரர் ஊரெல்லாம் தேடினார். அது வேன் சீட்டுக்கு அடியில் ஆயில் டப்பாவின் தலையில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கிடந்தது. லெட்சுமி கதவைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, "இப்ப பேய் குடிக்கிற கோப்பி மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

இதற்குள் விஷயம் ஊர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. ஒட்டுக்கடையில் கம்பி வலைக் கட்சி, பஞ்சுக் கட்சி என்று இரண்டு பட்டுப் போனார்கள். கோயில் நிர்வாகத் தேர்தலுக்குக்கூட அப்படிப் பிரிந்ததில்லை. வலைக் கட்சிக்காரர் வாங்கிக் கொடுத்த டீயைப் பஞ்சுக் கட்சிக்காரர் தொடவில்லை. சொந்தமாக வண்டி இல்லாதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். ஒருவர் கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரன் வீடியோவைக் காட்டினார். இன்னொருவர் அதற்கு நேர்மாறாகச் சொல்லும் ஜப்பான்காரனைக் காட்டினார். அந்த இரண்டு பேர் வண்டியிலும் மீனும் இல்லை, முன் சீட்டில் லெட்சுமியும் இல்லை. எல்லோரும் பேசி முடித்து, கடைசித் தீர்ப்புக்கு என்னைப் பார்த்தார்கள். "கழுத்தை அளந்து வாங்கு" என்றேன். இவ்வளவு எளிதாகச் சொன்னதால் யாரும் நம்பவில்லை.

போலீஸ் வரைக்கும் போனதுதான் உச்சம். ஒருநாள் கம்பி வலை பில்டரை வாயில் வைத்துச் சோதித்தபடியே வேனை ஓட்டி வந்திருக்கிறார். சாலைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரர் இளைஞர், மலாய்க்காரர். வாயிலிருப்பதைப் பார்த்துவிட்டு, "பாக்சிக், இந்த வயதில் வேப் குடிக்கிறீர்களா?" என்று கேட்டாராம். அவர்கள் மலாயில் பேசியதை நான் தமிழில் தருகிறேன்; பாக்சிக் என்றால் பெரியவர், வேப் என்றால் புகை விடும் மின்சாரச் சிகரெட்.

"வேப் இல்லை ஐயா. இது வண்டியோட மூக்கு."

போலீஸ்காரர் அவரைக் கீழே இறக்கிக் குடிபோதை சோதிக்கும் கருவியை நீட்டி ஊதச் சொன்னார். மூச்சுக்காரர் ஊதினார். நிறுத்தவில்லை. போதும் போதும் என்று சொன்ன பிறகும் ஊதினார். பிறகு கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஐயா, இதில் காற்று ரொம்பச் சுகமாகப் போகுதே! இந்தக் கழுத்து என்ன அளவு? எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் போலீஸ்காரர் மறுவாரம் என் கடைக்கு வந்தார். எதற்கு என்று பயந்தேன். அவர் காருக்கு ஒரு பில்டர் வேண்டுமாம். "வாயில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டுமாமே?" என்றார்.

காதுகுத்து நெருங்கியது. ஒரு பகலில் வேனை என் கடை முன் நிறுத்தி, முன் சீட்டைத் தூக்கி வைத்து, நாங்கள் இருவரும் உள்ளே குனிந்திருந்தோம். மூச்சுக்காரர் வாயில் வழக்கம்போல ஒன்று. பின்னால் குடையோடு யாரோ நிற்பது தெரிந்தது. லெட்சுமி. பஸ்ஸில் வந்திருந்தார். பல் இடுக்கில் ஸ்பாஞ்சோடு வீட்டுக்கு வரும் புருஷனை எத்தனை நாள் பொறுப்பது?

"ஏண்ணே," என்றார் என்னிடம், "அந்த டப்பா எதுக்கு என் காலடியில இருக்கு? பின்னால கொண்டுபோய் வைக்க முடியாதா?"

நானும் மூச்சுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதே யோசனை எனக்கும் அந்த நொடியில்தான் வந்துகொண்டிருந்தது; லெட்சுமி முந்திக்கொண்டார்.

"அதைத்தான் தங்கச்சி நான் சொல்ல வாயெடுத்தேன்" என்றேன்.

மூச்சுக்காரர் பில்டரைக் கையில் எடுத்தார். "நானும்தான். ஆனா வாயில இது இருந்துச்சு."

டப்பாவைப் பின் சக்கரத்துப் பக்கம் கொண்டு போனேன். நீளமாகக் குழாய் இழுத்து, எங்கும் தொய்யாமல், ஒரே சரிவாகப் பிடித்துக் கட்டினேன். அந்த வேலையை ஈப்போவில் என்னைப்போலச் செய்ய இன்னொருவன் பிறக்கவில்லை. இருந்தால் என் கடைக்கு வந்து காட்டட்டும். பின் பக்கம் என்பதால் சாலைத் தூசியும் மழைத் தண்ணீரும் அடிக்கும். அதற்குத் தோதாகத் தலையில் மூடி போட்ட பஞ்சு பில்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மூச்சுக்காரர் மூக்கைப் பொத்தினார், நடந்தார். முனை வரைக்கும் போனவர் திரும்பவில்லை. கோயில் வரைக்கும் போய்விட்டார். எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ என்று ரேடியேட்டர் கடைச் சீனர் எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில் வந்தார், சாவகாசமாக, பில்டருக்குள்ளேயே ஏதோ பாட்டை முனகிக்கொண்டு.

"மொதலாளி, இதை வாயில வச்சிக்கிட்டே தூங்கலாம்லா!"

முதல்நாள் நான் எடுத்துப் போட்ட நாலில் ஒன்றுதான் அது என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தினமும் சொன்னேன்.

லெட்சுமியை முன் சீட்டில் ஏற்றி ஒரு வெள்ளோட்டம் விட்டோம். பின்னால் சின்ன சீட்டில் நான். லெட்சுமி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே ஏறினார். புந்தோங் தாண்டும்போதும் வைத்திருந்தார். சிலிபின் வந்ததும் முந்தானை கொஞ்சம் இறங்கியது. அப்புறம் முழுதாக இறங்கியது. ஒரு தடவை ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னாங்க இது, மீன் வாடை இப்படி அடிக்குது?"

மூச்சுக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களா மொதலாளி! மீன் வாடை அடிக்குதுங்கிறா! எண்ணெய் வாடை போயிருச்சு!" உடனே மருமகனுக்குப் போன் போட்டு, "மாப்ள, கார் வேணாம். அத்தை என்கூட வாரா" என்று சொல்லி, அவன் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டார்.

ஆயுத பூசை வந்தது. என் கடை பூசையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எழுதுவதற்கு இந்தப் பத்திரிகையில் பக்கம் போதாது. வரிசையாக வண்டிகள் வந்து நிற்கும். அவரவர் வண்டிக்கு அவரவர் சந்தனம், குங்குமம் வைத்து, நான் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி அனுப்புவேன். மூச்சுக்காரரும் கண்ணாடிக்கு ஒரு பொட்டு, ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வேனின் பின்பக்கம் போனதாக ரேடியேட்டர் கடைச் சீனர் பிற்பாடு சொன்னார். நான் அப்போது மாலை வாங்கிக்கொண்டிருந்தேன். என் கடை பூசையில் எனக்கு நிறைய மாலை விழும்.

மறுநாள் காலையில் சித்தியவானுக்குப் புறப்பட்டோம். மூச்சுக்காரர் வேட்டி, லெட்சுமி பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. நான் சிறப்பு விருந்தினர், வெள்ளைப் பட்டுச் சட்டை. வேனைச் சோப்புப் போட்டுக் கழுவி, மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தார். ஊருக்குள் மெதுவாகத்தான் ஓட்டினார். சிப்புத்தே தாண்டி அகலமான சாலை வந்ததும், பெருமையில், மிதித்தார்.

டொப்!

சீட்டுக்கு அடியில் ஏதோ வெடித்தது. எண்ணெய் பார்க்கும் கம்பி தன் குழாயை விட்டுத் துள்ளி, எஞ்சின் மூடியில் வந்து மோதியிருக்கிறது. அதன் பின்னாலேயே எண்ணெய். இடுக்கு வழியாகப் பீறிட்டு, முன்னால் இருந்த இரண்டு பேரையும் மரியாதையாக விட்டுவிட்டு, நேராக என் பட்டுச் சட்டைக்கு வந்தது. வேனுக்குள் புகை. லெட்சுமிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வண்டி நிற்குமுன்பே கதவைத் திறந்துவிட்டார்.

சாலையோரம் செம்பனை மரங்களின் நிழலில் நின்றோம். லெட்சுமி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, இழுப்பு மருந்துக் குழலை எடுத்து வாயில் அடித்துக்கொண்டார். மூச்சுக்காரர் அவரைப் பார்த்தார், வேனைப் பார்த்தார்.

"எஞ்சின் போச்சு மொதலாளி. ரோசாக் ஆயிருச்சு. எல்லாம் போச்சு."

"எஞ்சின் போகல. வாயுக்கு வெளிய போக வழியில்லாம முட்டியிருக்கு. பின்னால போய் பில்டரைப் பாருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. நானே போய்க் குனிந்து பார்த்தேன். இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு பில்டரை நான் பார்த்ததில்லை. மூலவருக்குச் செய்வதுபோல மேலிருந்து கீழ்வரை சந்தனக் காப்பு. நடுவில் வட்டமாகக் குங்குமம். கழுத்தைச் சுற்றி இரண்டு மல்லிகை. சந்தனம் காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. பஞ்சில் ஒரு கண்கூட மிச்சம் இல்லை.

"என்னாண்ணே இது?"

"நேத்துப் பூசையில…" என்றார். குரல் கீழே போய்விட்டது. "எல்லாரும் பம்பருக்கும் கண்ணாடிக்கும் வைக்கிறாங்க. அவளை வண்டியில ஏத்துனது அது இல்லையா மொதலாளி? அதுக்கு ஒரு பொட்டு மட்டும் வச்சா போதுமா?"

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. மருமகன். மூச்சுக்காரர் போனைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

லெட்சுமி வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"ஆங், மாப்ள… வந்துக்கிட்டே இருக்கோம்லா." இருமினார். "இருமலா? ரோட்டுல தூசி… கார் அனுப்புறியா? எதுக்கு? அதெல்லாம் வேணாம். மாமா நல்லாத்தான் ஓட்டுறாரு."

நல்லா ஓட்டிக்கொண்டிருந்த மாமா அப்போது புல்லில் உட்கார்ந்து வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

லெட்சுமி போனை அவர் மடியில் வைத்தார். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி நீட்டினார். "உக்காந்திருந்தா ஆச்சா? கழட்டுங்க. நல்ல நேரம் போகுது."

பில்டரைக் கழற்றி, ஊசியால் நோண்டி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, பஞ்சு மடிப்புக்குள் போன சந்தனத்தை வெளியே எடுக்க மூச்சுக்காரர் வாயை வைத்து ஊதினார். பால் ஸ்டோரில் சல்லடை ஊதிய அதே ஊதல். சந்தனம் பறந்தது. முகமெல்லாம் மஞ்சள், மீசையெல்லாம் மஞ்சள். ஊதுவார், வெயிலில் தூக்கிப் பார்ப்பார், மறுபடி ஊதுவார்.

"போகுதா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் லெட்சுமி பக்கத்தில் வந்து புல்லில் உட்கார்ந்தார், பட்டுச் சேலையோடு. பில்டருக்கு நேராகத் தன் கன்னத்தைக் கொண்டு போனார்.

"ஊதுங்க."

ஊதினார்.

"இன்னும்."

ஊதினார். லெட்சுமியின் காதோரத்து முடி கொஞ்சம் அசைந்தது.

"ம். வருது" என்றார். "நல்லா வருது. மாட்டுங்க."

நான் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கம்பியைத் திரும்பச் செருகி, வண்டியில் எப்போதும் கிடக்கும் எண்ணெயை ஊற்றி, எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு மெதுவாகப் போய்ச் சேர்ந்தோம். சித்தியவான் வீட்டு வாசலில் வெள்ளைக் கார் நின்றது. அதற்கு நேர் முன்னால் மூச்சுக்காரர் வேனை நிறுத்தினார். லெட்சுமி முன் சீட்டிலிருந்து இறங்கினார். அவசரமே இல்லாமல், எல்லோரும் பார்த்து முடிக்கும்வரைக்கும் இறங்கினார்.

சம்பந்தி ஓடி வந்து கும்பிட்டார். மூச்சுக்காரரின் மஞ்சள் மீசையைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். "கோயிலுக்குப் போயிட்டு வாரீங்களா சம்பந்தி?"

"ஆமா," என்றார் லெட்சுமி. "வழியில ஒரு காப்பைக் கலைச்சுட்டு வாரோம்."

என் சட்டையைப் பார்த்தவர்கள் என்னை வண்டியோடு வந்த மெக்கானிக் என்று நினைத்து, பின்கட்டில் இலை போட்டார்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அவர்கள் சித்தியவானிலேயே மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். வேன் இன்னும் ஓடுகிறது. டப்பாவை இடம் மாற்றியதால் வாடை போயிற்று என்று நான் சொல்வேன். பில்டரால் போயிற்று என்று அவர் போனில் கத்துவார். பின்னாலிருந்து லெட்சுமி இருமாமல் சிரிப்பது கேட்கும். என் கடையிலும் காலம் மாறிவிட்டது. வண்டி எண்ணைத் தட்டினால் எந்த பில்டர், என்ன கழுத்து என்று என் மகனின் கணினி சொல்லிவிடுகிறது. யாரும் எதையும் வாயில் வைப்பதில்லை.

மகன் சாப்பிடப் போன நேரத்தில், கடையில் ஆள் இல்லாதபோது, நான் ஒரு பில்டரை எடுத்துச் சட்டையில் துடைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதிப் பார்க்கிறேன். காற்று போகிறதா, நெருக்கமா, அகலமா, சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனாலும் ஊதாமல் ஒன்றுகூட விற்பதில்லை.